சந்தனப் பொட்டு மட்டும் போதுமா?

தச்சன் தன் உளியைத் துருப்பிடிக்க விடான். உழவன் தன் ஏரை மழையிற் கிடந்து உளுக்க விடான். தட்டான் தன் தராசிலே தூசி படிய விடான். தொழிலுக்கு உயிராய் நிற்கும் கருவியைப் பேணாதவன் தொழிலையும் பேணமாட்டான் என்பது நம்மவர் வழிவழியாகக் கண்டறிந்த உண்மை.

கண்டி மாநகரிலே இன்று டி. எஸ். சேனாநாயக்க வீதி என வழங்குவது முன்னாளிலே திருகோணமலை வீதி எனப் பெயர் பெற்றிருந்தது. அக்காலத்துக் கடை முதலாளிமாரின் நாளொழுக்கத்தை நம் வீட்டுப் பெரியோர் இன்றும் எடுத்துச் சொல்வர். விடியற்காலையிலே கடையைத் திறந்து, வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, சுவாமி படத்துக்கு விளக்கேற்றி, தராசுத் தட்டைத் துடைத்து, பேரேட்டை விரித்து வைத்த பின்னரே முதல் வியாபாரம் நடைபெறும். இரவிலே கணக்கை முடித்து, பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பின்னரே முதலாளி வீடு செல்வார். இதனை எவரும் அவருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. கடையோடு கூடவே பிறந்த பழக்கம் அது.

கடையென்றால் வீதியிலே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இன்று தளர்ந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டையிலே வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் கடல் கடந்து விற்போர் உளர். பத்திக் துணிகளையும் பித்தளைக் கைவினைப் பொருள்களையும் படம்பிடித்து இணையத்திலே கடை பரப்புவோர் உளர். பிறந்தநாட் கேக் செய்து முகநூல் வாயிலாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் உளர். ஹந்தானை மலைச்சாரலிலே இரண்டு அறைகளை விருந்தினருக்கென ஒதுக்கி, எசல பெரஹரா காலத்துக்கு மாதங்கள் பல முன்னரே இணையத்தில் முன்பதிவு பெறுவோரும் உளர். இவர்கள் அனைவருக்கும் கடை, தராசு, பேரேடு, இரும்புப் பெட்டி ஆகிய நான்கும் மேசைமேல் இருக்கும் ஒரு கணினியே. ஆனால், அந்தப் பழைய முதலாளி தம் தராசுக்கும் பேரேட்டுக்கும் காட்டிய கவனத்தில் நாலில் ஒரு பங்கையேனும் நாம் இக்கணினிக்குக் காட்டுகின்றோமா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

பழுதுற்ற கணினிக்குப் பதில் புதியதொன்றை வாங்கிக்கொள்ளலாம் எனச் சிலர் எண்ணுவர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடி அவ்வெண்ணத்துக்கு விடையளித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலே சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை, சில வாரங்களுள் 300 ரூபாவைக் கடந்து ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் அனைத்தும் அதனோடு சேர்ந்து விலையேறின. அன்று பலர் பழைய கணினியைத் திருத்தித் திருத்தியே தொழில் நடத்தினர். இது ஒருபுறம் நிற்க. பணம் இருப்பின் இயந்திரத்தை எப்படியும் வாங்கிவிடலாம். அதனுள் இருந்த கணக்குகளையும் வாடிக்கையாளர் முகவரிகளையும் எந்தக் கடையிலே வாங்குவது?

ஈரமும் தூசியும்

கண்டி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். கொழும்பின் புழுக்கம் இங்கில்லை என நாம் பெருமை பேசுவதுண்டு. ஆயினும், இங்குள்ள ஈரப்பதன் இலத்திரனியற் கருவிகளுக்குப் பெரும் பகை. பெட்டியிற் பூட்டிவைத்த பட்டுச்சேலையிலும் கமராக் கண்ணாடியிலும் பூஞ்சணம் பிடிப்பதை இல்லத்தரசிகள் அறிவர். அதே ஈரம் கணினியின் நுண்ணிய செப்புத் தடங்களையும் இணைப்புகளையும் மெல்ல மெல்ல அரிக்கின்றது. ஈரத்தோடு தூசியும் கலந்தால் அது பசைபோல ஒட்டிக்கொள்ளும். கதகதப்பை நாடி எறும்பும் பல்லியும் உள்ளே குடிபுகுவதும் மலைநாட்டில் புதுமையன்று.

கணினியின் உள்ளே சுழலும் விசிறி, வெப்பத்தை வெளியேற்றும் பணியைச் செய்கின்றது. தூசி அதன் வழியை அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் மூளைச் சில்லு சூடேறும். சூடேறிய சில்லு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கணினி பழசாகிவிட்டது, ஆமைபோல ஊர்கிறது" என நொந்துகொள்வோர் பலரது கணினிக்கு வேண்டுவது புதிய பாகம் அன்று, ஒரு மென்மையான தூரிகையே. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கணினியை நிறுத்தி, மின்சார இணைப்பைக் கழற்றி, காற்றூதியினாலும் தூரிகையினாலும் வெப்பம் வெளியேறும் வாயில்களைத் துப்புரவு செய்தல் வேண்டும். ஊதும்போது விசிறி வெறுமனே சுழலாதபடி மெல்லப் பிடித்துக்கொள்வது நன்று. ஈரத்துணியை உள்ளே கொண்டு செல்லலாகாது. மடிக்கணினியை மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து வேலை செய்வது அதன் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும். பனி புகும் யன்னலோரமும், சமையலறைப் புகையும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.

மடிக்கணினியின் பற்றரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பமும், எந்நேரமும் நூறு வீதம் நிறைந்திருத்தலும் அதன் ஆயுளைக் குறைப்பன. அடிப்பாகம் புடைத்துக் காணப்படின், அன்றே பாவனையை நிறுத்தித் தொழிலறிந்தவரிடம் காட்டுதல் வேண்டும். புடைத்த பற்றரி தீப்பிடிக்கவும் கூடும். இது சிக்கனம் பார்க்கும் இடம் அன்று.

இடியும் இருளும்

சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் வேளையிலே மலைநாட்டின் மேல் இடிமுழக்கம் கேளாத நாள் குறைவு. மின்னல் வீட்டின்மேல் நேரே விழவேண்டும் என்பதில்லை. அண்மையிலுள்ள மின்கம்பியில் விழுந்தாலும், அக்கம்பி வழியே பாயும் அதிமின்னழுத்தம் 230 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட கருவியைக் கணப்பொழுதிலே சுட்டுவிடும். மின்னழுத்தக் காப்பானைப் பொருத்துவது நன்றேயாயினும், அண்மையில் விழும் மின்னலை அது முற்றாகத் தாங்கும் என நம்பிவிடலாகாது. இடி கேட்டவுடன் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியைக் கழற்றிவிடுவதே உறுதியான காப்பு. இணையத் தொடர்புப் பெட்டிக்கு வரும் செப்புத் தொலைபேசிக் கம்பியையும் உடன் கழற்றுதல் வேண்டும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். கண்ணாடியிழை வழியாக மின்னல் வராது. ஆயினும் அப்பெட்டிக்கு மின்சாரம் தரும் கம்பி வழியாக வரும்.

இடி ஒரு பகை எனின், இருள் மற்றொன்று. 2020 ஆகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. 2023இல் நேர்ந்தது கொத்மலைக்கும் பியகமைக்கும் இடைப்பட்ட மின்கடத்தும் பாதையிற் பிறந்த கோளாறு. 2025இல் நேர்ந்ததற்கோ, பாணந்துறை உபமின்நிலையத்தினுள் புகுந்த ஒரு குரங்கே காரணமெனக் கூறப்பட்டதைக் கேட்டு உலகமே வியந்தது. 2022 மார்ச் இறுதியிலோ நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது.

கணினி வன்தட்டிலே கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென நின்றால், பாதி எழுதிய பக்கத்தின் நிலையாது? எழுத்தாளன் கையிலிருந்து பேனா பறிக்கப்பட்டது போலாகும். கோப்பு சிதையலாம், சிலவேளை கணினி மீண்டும் இயங்க மறுக்கவும் கூடும். ஆதலின், மேசைக்கணினி வைத்திருப்போர்க்கு யு.பி.எஸ். எனும் தடையிலா மின்வழங்கி இன்றியமையாதது. அது மணிக்கணக்காக வேலை செய்வதற்கு அன்று. சில நிமிடங்களில் வேலையைச் சேமித்து, கணினியை முறையாக நிறுத்துவதற்கே. அதனுள் இருக்கும் பற்றரி சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை, அவசர வேலை எதுவும் இல்லாத வேளையிலே, சுவர் மின்சாரத்தை நிறுத்தி அது எத்தனை நிமிடம் தாங்குகின்றது எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் மின்சாரம் நின்ற அன்றே அதுவும் நின்றது என வருந்த நேரும்.

திருடன் தட்டும் கதவு

இனி, கண்ணுக்குத் தெரியும் உடலை விட்டு, தெரியாத உயிருக்கு வருவோம். கணினியை இயக்கும் மென்பொருளிலே அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்கு நிறுவனங்கள் இற்றைப்படுத்தல்களை இலவசமாக அனுப்புகின்றன. திரையின் மூலையில் அதற்கான அறிவித்தல் தோன்றும்போது "பிறகு பார்க்கலாம்" என ஒதுக்குவது நம்மிற் பலர்க்கு வழக்கமாகிவிட்டது.

அந்தப் "பிறகு" எத்துணை விலை கொண்டதென்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மார்ச் 14ஆந் தேதி மருந்து வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழிந்து, மே 12ஆந் தேதி, அதே ஓட்டை வழியே 'வன்னாக்ரை' எனும் தீம்பொருள் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் முடங்கின. பிரித்தானிய அரச மருத்துவமனைகளிலே சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மருந்து இரண்டு மாதம் கையில் இருந்தும் அதனை உட்கொள்ளாதாரே பெரிதும் நோயுற்றனர்.

விண்டோஸ் 10க்கு வழங்கி வந்த பொதுவான ஆதரவை அந்நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆந் தேதியோடு நிறுத்திவிட்டது. அப்பதிப்பை இன்னும் பாவிப்போர் நீடித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்தல் வேண்டும். அல்லது புதிய பதிப்புக்கு மாறுதல் வேண்டும். பழைய இயந்திரமாயின் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நாடலாம். ஒன்றும் செய்யாதிருப்பதுதான் ஆகாதது. களவாக உடைத்து விற்கப்படும் மென்பொருளைப் பாவிப்போர்க்கும் இதுவே சொல்வோம். விலையின்றி வந்ததென மகிழ்ந்து அதனை நிறுவுவது, முன்பின் அறியாத ஒருவனிடம் கடைத்திறப்பைக் கொடுத்துவிட்டு நித்திரைக்குப் போவது போன்றதே. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் 'லிப்ரே ஒபிஸ்' போன்று சட்டப்படியே இலவசமாய்க் கிடைக்கும் மென்பொருள்கள் இருக்கையில், களவுக்கு ஏன் கைநீட்டுதல் வேண்டும்?

நாடு கற்ற பாடம்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என எண்ணுவோர், 2023 ஆகஸ்ட் இறுதியில் நம் நாட்டிலேயே நேர்ந்ததைக் கேட்பாராக. அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கி நின்ற பொதுத் தரவு முறைமையைக் கப்பம் கோரும் தீம்பொருள் ஒன்று தாக்கியது.  அது கோப்புகளை இருந்த இடத்திலேயே புரியாத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறப்புக்குக் கப்பம் கேட்கும். அமைச்சரவை அலுவலகம் உட்பட, சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் இதனால் தாக்குண்டன. முறைமை விரைவிலே மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. ஆனால், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்து மின்னஞ்சல்கள் திரும்பி வரவே இல்லை.

ஏன் வரவில்லை? அங்குப் பாவிக்கப்பட்டது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் வேலை பிற்போடப்பட்டு வந்தது. பிரதியொன்று எடுக்கப்பட்டே வந்தது. ஆயினும் அது முறைமையோடு எந்நேரமும் இணைந்தே இருந்தமையால், தீம்பொருள் மூலத்தைப் பூட்டியபோது பிரதியையும் சேர்த்தே பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து கழற்றித் தனியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை.

ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்த இழப்பு இது. அரசாங்கமோ இழப்பைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் நடக்கும். மூன்று மாதக் கொள்வனவுக் கட்டளைகளையும், வரவேண்டிய பணக்கணக்கையும், பெரஹராக் கால முன்பதிவுகளையும் ஒரே இரவில் இழந்த சிறு வணிகக் குடும்பம் எழுந்து நிற்குமா? பணம் செலுத்திய விருந்தினர் வாசலில் வந்து நிற்கும்போது, அவர் பெயர் எம்மிடம் இல்லை எனச் சொல்லும் விடுதிக்கு மறு ஆண்டு யார் வருவர்? வணிகனின் முதல் பணமன்று, வாக்கு. வாக்கைக் காப்பது பதிவு.

ஒற்றைப் பிரதி பிரதியன்று

ஒரே பிரதியாய் இருக்கும் பொருள் எவ்வளவு நொய்தானது என்பதைத் தமிழராகிய நமக்கு எவரும் கற்பித்தல் வேண்டியதில்லை. ஓலைச்சுவடி காலத்திலே, பழைய ஏடு செல்லரிக்கு முன்னர் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பதை ஒரு கடமையாகக் கொண்டிருந்தனர் நம் முன்னோர். எழுதிவைக்க ஆளில்லாத நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றைச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊரூராய்த் தேடிப் பல பிரதிகளை ஒப்புநோக்கி அச்சேற்றியமையாலேயே அவை நம் கைக்கு வந்தன. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்திலும் பிரதியிருந்த நூல்களைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் இல்லாத சுவடிகள் போனது போனதே.

கணினித் துறையினர் இதனையே எளிய விதியாக வகுத்துள்ளனர். பீற்றர் குறோக் எனும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய அவ்விதி யாதெனின்: முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். சிறு வணிகருக்கு இது கடினமன்று. கணினியில் உள்ளது ஒன்று. வெளியே கழற்றி வைக்கத்தக்க வன்தட்டில் உள்ளது இரண்டு. இணையச் சேமிப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ உள்ளது மூன்று. வன்தட்டைப் பிரதியெடுக்கும்போது மட்டும் இணைத்து, முடிந்ததும் கழற்றிவிடல் வேண்டும். 2023இல் அரசாங்கத்துக்கு இல்லாது போனது இந்தக் கழற்றிய பிரதியே.

இணையச் சேமிப்பகம் ஒன்றே போதும் எனவும் எண்ணலாகாது. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அது தானே அழிந்துவிடும்படி சில சேவைகள் அமைந்துள்ளன. அது கண்ணாடியில் தெரியும் நிழல் போன்றது. முகம் போனால் நிழலும் போகும். பழைய பதிப்புகளையும் சில காலம் வைத்திருக்கும் வசதியுள்ள சேவையைத் தேர்ந்து கொள்க.

"வேறிடத்தில்" எனும் சொல்லின் பொருளை 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் நமக்கு உணர்த்திச் சென்றது. கண்டி மாவட்டத்திலே மலைகள் சரிந்து வீடுகள் புதைந்தன. ஆற்றோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. மாண்ட உயிர்களை எண்ணும்போது கணினியைப் பற்றிப் பேசவும் நா கூசுகின்றது. ஆயினும், உயிர் தப்பியவர்கள் மறுபடியும் வாழ்ந்தாக வேண்டும் அன்றோ? வீட்டையும் பொருளையும் இழந்த ஒருவர், தம் வாடிக்கையாளர் பட்டியலையும் கணக்கையும் வேறோர் ஊரில் வைத்திருந்தாராயின், இரவல் கணினி ஒன்றிலிருந்தே தொழிலை மீளத் தொடங்கலாம். மேசைமேல் கணினியும், அதே மேசையின் இழுப்பறையிற் பிரதியும் இருந்தால் இரண்டும் ஒரே சேற்றில் புதையும்.

பிரதி இருந்தாற் போதாது. அது திறக்கின்றதா எனவும் பார்த்தல் வேண்டும். 1998இலே அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' எனும் சித்திரத் திரைப்படத்தை ஆக்கிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையினால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பிரதியை நாடினர், அது சில காலமாகவே சரிவர இயங்கவில்லை என்பது அப்பொழுதுதான் தெரியவந்தது. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்தே வேலை செய்த பெண் அதிகாரி ஒருவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. போர்வைகளாற் சுற்றி, குழந்தையைப் போலவே அக்கணினியைக் காரில் ஏற்றி வந்து படத்தை மீட்டனர். கோடிக்கணக்கான டொலர் முதலிட்ட நிறுவனத்தைக் காத்தது ஒரு தாயின் வீட்டில் இருந்த பிரதி!

வீட்டாரும் கணினியும்

நம் இல்லங்களிலே பெரும்பாலும் ஒரே கணினிதான். பகலிலே தந்தையின் வியாபாரம்; மாலையிலே மகளின் பாடம்; இரவிலே மகனின் விளையாட்டு. 2020இலே பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்தில் நடந்த காலந்தொட்டு இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. பிள்ளைகளைக் கடிவது இதற்குப் பரிகாரமன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்து, புதிய மென்பொருளை நிறுவும் அதிகாரத்தை ஒரு தனிக் கணக்குக்கு மட்டும் ஒதுக்குவது எளிது. அப்போது விளையாட்டோடு வரும் வைரஸ் பேரேட்டைத் தொடுவது கடினமாகும்.

வாடிக்கையாளர் நம்பித் தந்த முகவரியும் தொலைபேசி எண்ணும் நம் சொத்தன்று, அடைக்கலப் பொருள். நம் நாட்டிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கருத்தையே சட்டமாக்கியது. பழைய கணினியை விற்கும்போதோ கொடுக்கும்போதோ அதன் வன்தட்டை முற்றாகத் துடைத்துவிடுவது இக்கடமையின் ஒரு பகுதி. மின்னஞ்சலுக்கும் முகநூற் கடைக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பது, ஒரே திறப்பால் எல்லாக் கதவையும் பூட்டுவதாகும். இரட்டைச் சரிபார்ப்பு முறையை அமைத்துக்கொண்டால், கடவுச்சொல்லைக் களவெடுத்தவனும் உள்ளே நுழைவது அரிது.

இன்னொன்றையும் தயங்காது சொல்லுதல் வேண்டும். தொழில் நடத்துபவர் திடீரென நோயுற்றுப் படுத்தால், கடையைத் திறக்க வீட்டில் வேறெவருக்கேனும் தெரியுமா? பழைய கடையின் இரும்புப்பெட்டித் திறப்பு எங்கிருக்கும் என்பதை முதலாளியின் மனைவி அறிவார். இன்றோ, திறப்பு ஒருவரது நினைவில் மட்டுமே உள்ளது. கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அலுமாரியிலே பத்திரப்படுத்துக. முகநூற் கடைக்கு நம்பிக்கையான ஒருவரை இரண்டாம் நிருவாகியாக அமர்த்துக. குடும்பத்தின் சோறு ஒருவரது ஞாபகசக்தியில் தங்கியிருத்தல் ஆகாது.

நாள், வாரம், மாதம்

இத்தனையும் செய்ய நேரமேது என வினவுவோர்க்கு விடை கூறுவோம். நாள்தோறும் ஐந்து நிமிடம்: வேலை முடிந்ததும் அன்றைய கணக்கை இணையச் சேமிப்பகத்தில் இட்டு, கணினியை முறைப்படி நிறுத்துக. வாரந்தோறும் அரைமணி: இற்றைப்படுத்தல்களை ஏற்று, வைரஸ் சோதனை செய்து, வன்தட்டை இணைத்துப் பிரதியெடுத்து, மீண்டும் கழற்றி வைக்க. மாதந்தோறும் ஒரு மணி: வேண்டாத கோப்புகளை நீக்கி, வன்தட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் வெற்றிடம் இருக்கும்படி செய்து, பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்க. வன்தட்டில் வழக்கமில்லாத தட்டொலி கேட்பின், வேறெதனையும் செய்யாது முதலிற் பிரதியெடுக்க. அது இறுதி மூச்சாகவும் இருக்கலாம்.

மாணவச் செல்வங்களே, இவ்வேலையை உங்களிடமே ஒப்படைக்கின்றோம். தகவல் தொழினுட்பப் பாடத்திலே நீவிர் படிப்பதை வீட்டிலே செய்து காட்டுக. தாயாரின் கேக் வியாபாரக் கணக்கு வாரந்தோறும் மூன்றிடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பிள்ளை, பரீட்சைப் புள்ளியினும் பெரிய புள்ளியைப் பெறுவான்.

நவராத்திரி நிறைவிலே நாம் ஆயுதபூசை செய்கின்றோம். முன்னாளில் ஏரும் உளியும் தராசும் இருந்த இடத்திலே இன்று கணினிக்கும் சந்தனப் பொட்டிட்டுப் பூமாலை சூட்டுகின்றோம். நல்ல வழக்கம், அது தொடர்க. ஆயினும், அப்பூசையின் உட்பொருள் யாது? பூசைக்கு முன்னர் கருவியைத் துடைத்துச் சீர்செய்து வைப்பதன்றோ அதன் முதற்படி? ஆண்டுக்கு ஒருநாள் வணங்கி, எஞ்சிய நாளெல்லாம் தூசியில் விட்டால், வணக்கம் வெறுஞ்சடங்காகிவிடும். வெள்ளம் வருமுன் அணைகோலும் அறிவு நம் மரபில் உள்ளது. இன்று ஞாயிற்றுக்கிழமை; கடைக்கும் சற்று ஓய்வு. இவ்விதழை மடித்து வைத்துவிட்டு, இன்றே முதற் பிரதியை எடுத்து வைப்போமாக.